ஆஸ்டியோபதி மருத்துவ மாணவர்களுக்கான கொடையாளர் ஸ்காலர்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவர்) பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கும், சேரப்போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கும் இந்தப் பக்கம். கடன், அரசு உதவி பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. தனி மனிதர்களும் அறக்கட்டளைகளும் தரும் ஸ்காலர்ஷிப் பற்றி அதிகம் இல்லை. தகுதியிருந்தும் "நமக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள்" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்களை நினைத்து எழுதியது.

டி.ஓ. படித்தவர் முழு டாக்டர்தானா?

ஆம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் டி.ஓ. பட்டம் பெற்றவர் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தச் சிறப்புத் துறைக்கும் போகலாம். எம்.டி.க்கு (அமெரிக்காவில் வழக்கமான மருத்துவப் பட்டம் அதுதான்) உள்ள உரிமை அத்தனையும் உண்டு. எம்.டி. மாணவர்கள் படிக்கும் பாடங்களோடு, எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் சோதித்துச் சிகிச்சை தரும் பயிற்சியும் இவர்களுக்குக் கூடுதலாக உண்டு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் நால்வரில் ஒருவருக்கு மேல் டி.ஓ. மாணவர். 2020 முதல் ரெசிடென்சி (பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் பெறும் பயிற்சி) இடங்களும் இரு தரப்புக்கும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன.

ஊரில் உள்ள உறவினர்கள் குழம்புவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் "ஆஸ்டியோபத்" என்றால் கையால் சிகிச்சை செய்பவர் மட்டுமே, மருத்துவர் அல்ல. இந்தப் பக்கத்தில் பேசுவது அமெரிக்க டி.ஓ. பற்றி மட்டும்.

செலவு எவ்வளவு? இப்போது ஏன் எல்லோரும் ஸ்காலர்ஷிப் பற்றிப் பேசுகிறார்கள்?

டி.ஓ. கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். பலவற்றில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 55,000 டாலரைத் தாண்டுகிறது. வாடகை, சாப்பாடு, காப்பீடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். நான்காண்டு முடிவில் 2 லட்சம் டாலருக்கும் அதிகமான கடனோடு வெளியே வருவது இங்கே சாதாரணம்.

முன்பு மிச்சத் தொகை முழுவதையும் கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடனில் எடுத்துக்கொள்ள முடிந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். ஏற்கெனவே அந்தப் படிப்புக்குக் கடன் வாங்கியிருப்பவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு மட்டும் பழைய விதி தொடரும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுச் செலவு 85,000 டாலர் என்றால் 35,000 டாலர் துண்டு விழுகிறது. அதைத் தனியார் வங்கிக் கடன் அடைக்கலாம். ஆனால் தனியார் கடனுக்கு நல்ல கிரெடிட் உள்ள ஒருவர் பெரும்பாலும் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது சுலபம். பெற்றோர் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளைக்குச் சுலபமில்லை. கொடையாளர் பணம் முன்பு கடனைக் குறைக்கும் உபகாரமாக இருந்தது. இனி சிலருக்குச் சேர முடியுமா, முடியாதா என்பதையே அது தீர்மானிக்கும்.

இந்தப் பணத்தைத் தருகிறவர்கள் யார்?

இதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் எம்.டி.க்கள் டி.ஓ.க்களைச் சக மருத்துவர்களாகவே ஏற்கவில்லை. பல மருத்துவமனைகள் அவர்களை உள்ளே விடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் அவர்களை மருத்துவ அதிகாரிகளாக எடுக்கவில்லை. அந்தக் கதவு 1966இல், வியட்நாம் போர்க் காலத்தில்தான் திறந்தது. கலிஃபோர்னியாவில் 1962இல் டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. பட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அங்கிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரியும் எம்.டி. கல்லூரியாக மாற்றப்பட்டது. புதிய டி.ஓ.க்களுக்கு அந்த மாநிலத்தில் மீண்டும் உரிமம் கிடைக்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதவு மூடியதால் அவர்கள் தங்களுக்கென்று சொந்தமாக மருத்துவமனைகள் கட்டினார்கள். உள்ளூர் டாக்டர்களும் நோயாளிகளும் திரட்டிய பணத்தில் எழுந்தவை பல. பின்னாளில் பாகுபாடு மறைந்து, தனி மருத்துவமனை தேவையில்லை என்றானபோது, அவற்றில் பல பெரிய மருத்துவமனைக் குழுமங்களோடு இணைந்தன அல்லது விற்கப்பட்டன. லாப நோக்கமில்லாத நிறுவனம் விற்கப்பட்டால் அந்தப் பணம் யார் பைக்குள்ளும் போக முடியாது, பொதுநலனுக்கே போக வேண்டும். இப்படிப் பிறந்த அறக்கட்டளைகள் இன்றும் டி.ஓ. மாணவர்களுக்கு உதவுகின்றன. ஒஹையோவின் ஆஸ்டியோபதிக் ஹெரிட்டேஜ் அறக்கட்டளை அவற்றில் பெரிய பெயர். நாலு ஊர் மக்கள் காசு போட்டுக் கட்டிய ஆஸ்பத்திரி, ஐம்பது அறுபது ஆண்டு கழித்து யாரோ ஒரு மாணவரின் கட்டணமாகத் திரும்பி வருகிறது என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இரண்டாவது வகை, பழைய மாணவர்கள். தன் பேராசிரியர் பெயரில், இறந்துபோன வகுப்புத் தோழர் பெயரில், துணைவர் பெயரில் நிதி வைப்பார்கள். ஒதுக்கப்பட்ட காலத்தைப் பார்த்த தலைமுறை என்பதால் அவர்களுக்குக் கல்லூரி மேல் உள்ள பாசம் ஆழமானது.

மூன்றாவது, தேசிய அளவிலான அமைப்புகள். 1949இல் தொடங்கிய அமெரிக்கன் ஆஸ்டியோபதிக் ஃபவுண்டேஷன் பல ஸ்காலர்ஷிப்களை நிர்வகிக்கிறது. அதில் ஒன்று டாக்டர் வில்லியம் ஜி. ஆண்டர்சன் பெயரில் உள்ளது. 1961இல் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் நடந்த கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கி, மார்ட்டின் லூதர் கிங்கை அங்கே வரவழைத்த டி.ஓ. மருத்துவர் அவர். பின்னர் அமெரிக்கன் ஆஸ்டியோபதிக் அசோசியேஷனின் முதல் கறுப்பினத் தலைவரானார்.

பெரும்பாலும் 1,000, 2,000 டாலர்தான் தருகிறார்கள். ஏன் இவ்வளவு சிறியது?

கோயில் கட்டளையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலை வைத்துவிட்டு, அதில் வரும் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு நாள் அபிஷேகம் நடத்துவார்கள். இங்கேயும் அதே முறைதான். கொடையாளர் தரும் தொகையை முதலீடு செய்து, ஆண்டுக்கு 4 அல்லது 5 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவிடுவார்கள். 25,000 டாலர் வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 1,000 டாலர் கிடைக்கும். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் தர வேண்டுமென்றால் முதல் 2 லட்சத்துக்கு மேல் வேண்டும்.

சிறிய தொகை என்று ஒதுக்காதீர்கள். 2025-26 கல்வியாண்டில் பட்டமேற்படிப்பு மாணவருக்கான அரசுக் கடன் வட்டி 7.94 சதவீதம். முதல் ஆண்டில் வாங்காமல் தவிர்த்த 2,000 டாலர் கடன், நாலு வருடப் படிப்பும் மூன்று வருட ரெசிடென்சியும் முடியும்போது வட்டி மட்டுமே 1,100 டாலருக்கு மேல் சேர்த்திருக்கும். இன்னொன்றும் உண்டு. ஒன்று கிடைத்த மாணவரின் அடுத்த விண்ணப்பம் வலுவாகிறது. ரெசிடென்சி விண்ணப்பத்திலும் அதைக் குறிப்பிடலாம்.

கோடி கோடியாகக் கொடை தந்த செய்திகள் வருகின்றனவே, டி.ஓ. கல்லூரிகளும் இலவசமாகுமா?

2024இல் ரூத் காட்ஸ்மன் 100 கோடி டாலர் தந்து நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் கட்டணத்தையே நீக்கினார். அதே ஆண்டு ப்ளூம்பெர்க் அறக்கட்டளை ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு அதே அளவு தந்தது. இரண்டும் எம்.டி. கல்லூரிகள். டி.ஓ. உலகில் வந்த பெரிய கொடைகள் வேறு நோக்கம் கொண்டவை. 2011இல் ஆஸ்டியோபதிக் ஹெரிட்டேஜ் அறக்கட்டளை ஒஹையோ பல்கலைக்கழகத்துக்கு 10.5 கோடி டாலர் அறிவித்தது. அந்த மாநிலத்தில் குடும்ப மருத்துவர் பற்றாக்குறையைத் தீர்ப்பதும் புதிய வளாகம் அமைப்பதும் அதன் நோக்கத்தில் இருந்தன. கல்லூரியின் பெயரே ஹெரிட்டேஜ் கல்லூரி ஆனது. 2017இல் இந்திய வம்சாவளி மருத்துவ தம்பதி கிரண் பட்டேலும் பல்லவி பட்டேலும் ஃப்ளோரிடாவின் நோவா சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு 5 கோடி டாலர் கொடையும், புதிய வளாகத்துக்காக 15 கோடி டாலர் முதலீடும் அறிவித்தார்கள். அங்குள்ள ஆஸ்டியோபதிக் கல்லூரி கிரண் பட்டேல் பெயரைத் தாங்குகிறது.

கட்டடமும் வளாகமும் வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் கிராமத்துக்கும் சிறு நகரத்துக்கும் டாக்டர்களை அதிகமாக அனுப்புவதையே தன் கடமை என்று சொல்லும் கல்லூரிகளின் மாணவர்கள்தான், கட்டணத்தை நீக்கும் பெருங்கொடைகள் எட்டாமல் நிற்கிறார்கள். அந்த வேலைக்குப் போகிறவருக்குக் கடன் குறைவாக இருப்பதே நியாயம்.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சொந்தக் கல்லூரியிலிருந்து. இணையத்தில் தேடிக் களைப்பதற்கு முன், சேர்ந்த கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "முதலாமாண்டு மாணவருக்கு உள்ள கொடையாளர் ஸ்காலர்ஷிப்கள் எவை, விண்ணப்பம் எப்போது திறக்கும்" என்று நேராகக் கேளுங்கள். பல கல்லூரிகளில் ஒரே பொது விண்ணப்பத்தை நிரப்பினால் பொருந்துகிற எல்லா நிதிகளுக்கும் அவர்களே பரிசீலிப்பார்கள். போட்டி போடுவது உங்கள் வகுப்புத் தோழர்கள் மட்டும்தான் என்பதால் வாய்ப்பு இங்கேதான் அதிகம்.

அடுத்து, சொந்த மாநிலம். படிப்பது வேறு மாநிலமானாலும், வளர்ந்த மாநிலத்தின் ஆஸ்டியோபதி மருத்துவர் சங்கத்தையும் அதன் அறக்கட்டளையையும் பாருங்கள். திரும்பி வந்து வேலை செய்யும் பிள்ளையைத் தேடுவார்கள். மாவட்ட அளவிலான சமூக அறக்கட்டளைகள், மருத்துவமனைகளின் துணைச் சங்கங்கள் ஆகியவற்றில் விண்ணப்பமே குறைவாக வரும்.

தேசிய அளவில் அமெரிக்கன் ஆஸ்டியோபதிக் ஃபவுண்டேஷன், கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏ.ஏ.சி.ஓ.எம்., சிக்மா சிக்மா ஃபை கௌரவச் சங்கம் ஆகியவை டி.ஓ.க்களுக்கே உரியவை. 1946 முதல் இயங்கும் நேஷனல் மெடிக்கல் ஃபெலோஷிப்ஸும், இறுதியாண்டை நெருங்குவோருக்கு அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் ஃபவுண்டேஷன் தரும் விருதும் எம்.டி., டி.ஓ. இருவருக்கும் பொது. "மெடிக்கல் ஸ்டூடன்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் நமக்கில்லை என்று நினைத்துவிடாதீர்கள், கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பிக்கவே பணம் கேட்டால் விலகிவிடுங்கள். உண்மையான கொடையாளர் கட்டணம் வாங்குவதில்லை.

விதிமுறைகள் மாறிவிட்டன என்கிறார்களே?

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கிடுவதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பின் பல கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் ஸ்காலர்ஷிப் தகுதிகளையும் திருத்தி எழுதின. பழைய பட்டியல்களை நம்பாமல் இந்த ஆண்டின் விண்ணப்பப் படிவத்தையே படியுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, கிராமப்புறத்தில் வளர்ந்தவர், வருமானம் குறைந்த வீடு, மருத்துவர் இல்லாத பகுதியில் வேலை செய்ய விருப்பம் என்பவை பரவலாகக் காணப்படும் தகுதிகள்.

கட்டுரையில் என்ன எழுதுவது?

கொடையாளர் எதற்காக இந்த நிதியை வைத்தார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் கல்லூரி இணையதளத்தில் இரண்டு வரி இருக்கும். கிராமத்தில் நாற்பது வருடம் தனி ஆளாக வைத்தியம் பார்த்தவரின் பெயரில் உள்ள நிதிக்கு, இதய அறுவை சிகிச்சை ஆராய்ச்சிக் கனவை எழுதினால் எடுபடாது. அதற்காக இல்லாத கிராம ஆசையை இட்டுக்கட்டவும் வேண்டாம். பொருந்துகிற நிதியைத் தேடிப்போவதே நேர்மையான வழி.

"சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று தொடங்கும் கட்டுரையால் யாரையும் அடையாளம் காண முடியாது. பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்தது, அப்பாவின் கடையில் கல்லாவில் உட்கார்ந்து வேதியியல் படித்தது, இலவச கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்த ஒருவர் மறு வாரம் திரும்பி வந்தது என நடந்ததைப் பெயர் தவிர்த்து எழுதுங்கள். நம் வீடுகளில் பணக் கஷ்டத்தை வெளியே சொல்வது கௌரவக் குறைச்சல் என்று வளர்க்கிறார்கள். தேவை அடிப்படையிலான ஸ்காலர்ஷிப்பில் அந்த மௌனம் உங்களுக்கே பாதகம். வீட்டு வருமானம், தம்பி தங்கை படிப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் என எல்லாவற்றையும் எண்ணோடு, அழுகையில்லாமல் சொல்லுங்கள். படிக்கிறவர்களுக்கு அது புரியும்.

மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சா படிவத்தையும் மறக்காதீர்கள். மருத்துவ மாணவர் அரசுக் கணக்கில் பெற்றோரைச் சாராதவர்தான். ஆனாலும் தேவை அடிப்படையிலான சில நிதிகள் பெற்றோர் வருமான விவரத்தையும் கேட்கும்.

முழுக் கட்டணமும் தரும் ராணுவ, அரசு ஸ்காலர்ஷிப்களும் இதே வகையா?

இல்லை. அவை ஒப்பந்தங்கள். நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கார்ப்ஸ் என்ற மத்திய அரசுத் திட்டம் கல்விக் கட்டணத்தோடு மாதச் செலவுக்கும் பணம் தரும். பதிலுக்கு, உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு, குறைந்தது 2 ஆண்டு, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் பணிபுரிய வேண்டும். பணியை முறித்தால் செலவிட்டதைப் போல் மூன்று மடங்கும் வட்டியும் திருப்பிக் கட்ட நேரிடும். ராணுவம், கடற்படை, விமானப்படை தரும் ஹெச்.பி.எஸ்.பி. என்ற ஸ்காலர்ஷிப்பிலும் பணிக் கடமை உண்டு. இரண்டும் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கே.

மனம் அந்தப் பணியில் இருந்தால் இவை அருமையான வாய்ப்புகள். கட்டணத்துக்குப் பயந்து மட்டும் 22 வயதில் கையெழுத்துப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கொடையாளர் நிதிகளிலும் சிலவற்றில் "இந்த மாநிலத்தில் இத்தனை ஆண்டு" என்ற நிபந்தனை இருக்கலாம். ஏற்கும் முன் முழுவதும் படியுங்கள். நிபந்தனை தவறினால் தொகை கடனாக மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மற்ற உதவி குறைந்துவிடுமா?

குறையலாம். கல்லூரி கணக்கிடும் மொத்த ஆண்டுச் செலவை எல்லா உதவியும் சேர்ந்து தாண்டக்கூடாது. வெளியே கிடைத்த தொகையையும் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். எதைக் குறைப்பார்கள் என்பதே முக்கியம். "முதலில் கடனைக் குறையுங்கள், கல்லூரி தரும் உதவியைத் தொடாதீர்கள்" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் வழி செய்வார்கள்.

வரி உண்டா?

கட்டணம், புத்தகம், பாடத்துக்குக் கட்டாயமான கருவிகள் ஆகியவற்றுக்குச் செலவான ஸ்காலர்ஷிப் தொகைக்கு வரியில்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போன பகுதிக்கு உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்த வரிக்குரிய பகுதியில் 14 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படலாம். ரசீதுகளை வைத்திருங்கள்.

எங்கள் பிள்ளைக்கு கிரீன் கார்டு வரவில்லை. ஹெச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) வளர்ந்தவள். என்ன செய்வது?

அமெரிக்காவில் உள்ள தமிழ்க் குடும்பங்களைப் பெரிதும் வாட்டும் கேள்வி இது. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நீண்டுகொண்டே போவதால், இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் 21 வயதில் ஹெச்-4 தகுதியை இழந்து எஃப்-1க்கு மாறுகிறார்கள். அவர்களுக்கு மத்திய அரசுக் கடன் கிடையாது. சில டி.ஓ. கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் சில கல்லூரிகள் ஓராண்டுக்கோ அதற்கு மேலோ ஆன கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்லும்.

ஆனால் கொடையாளர் நிதி தனியார் பணம். குடியுரிமை வேண்டும் என்பது அந்தந்த நிதியின் விதியில் இருந்தால்தான் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொது விதி கிடையாது. விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொரு கல்லூரியிடமும் "எஃப்-1 மாணவருக்குத் திறந்திருக்கும் கொடையாளர் நிதி எது" என்று கேட்டு, பதிலை வைத்துக் கல்லூரிப் பட்டியலைத் தயாரியுங்கள். கனடாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே யோசனை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதிக் கல்லூரி நீண்ட காலமாகவே கனடா மாணவர்களைச் சேர்த்துவருகிறது, அங்கே கேட்டுத் தொடங்கலாம்.

நன்றிக் கடிதம் கட்டாயமா?

பல கல்லூரிகளில் கட்டாயம். இல்லாவிட்டாலும் எழுதுங்கள். கல்லூரிக்குப் போய்ச் சேரும் சம்பிரதாயத் தாளாக அதை நினைக்க வேண்டாம். எண்பது வயதில் ஒரு டாக்டர் அதைப் பிரித்துப் படிக்கிறார். எந்த ஊர், எந்த ஆண்டு, இந்தப் பணத்தில் என்ன கட்டினீர்கள், இப்போது எந்த வார்டில் பயிற்சி என்று நாலு வரி போதும். ஆண்டு முடிவில் இன்னொரு கடிதம் எழுதினால், அடுத்த ஆண்டு அவர் அந்த நிதியில் கூட்டிப் போட்டாலும் ஆச்சரியமில்லை.

நாங்களே ஒரு ஸ்காலர்ஷிப் தொடங்கலாமா?

தாராளமாக. குறைந்தபட்சத் தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மொத்தமாகத் தர முடியாவிட்டால் சில ஆண்டுகளில் தவணையாகத் தரலாம். முதலைச் சேர்க்காமல் ஆண்டுக்கு ஒரு தொகையை அப்படியே ஒரு மாணவருக்குத் தரும் ஏற்பாடும் உண்டு. புதிதாகத் தொடங்குவோருக்கு நான் சொல்வது இதைத்தான், ஏனென்றால் பணம் அந்த ஆண்டே மாணவரைச் சென்றடைகிறது.

"என் அக்கா மகனுக்குக் கொடுங்கள்" என்று பெயர் சொல்லித் தந்தால் வரிச்சலுகை கிடைக்காது. தகுதியை நீங்கள் வகுக்கலாம், ஆளைத் தேர்ந்தெடுப்பது கல்லூரிக் குழுவின் பொறுப்பு. தகுதியை எழுதும்போது அகலமாக எழுதுங்கள். ஒரு குறிப்பிட்ட ஊர், ஒரு குறிப்பிட்ட துறை, ஒரு குறிப்பிட்ட மதிப்பெண் என்று அடுக்கினால் பொருந்தும் மாணவரே இல்லாமல் பணம் வங்கியில் தூங்கும். "முன்னுரிமை" என்று எழுதினால் அந்த ஆண்டு அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும் வேறு ஒருவருக்குப் போய்ச் சேரும். இந்த ஒரு சொல்லைக் கல்லூரியின் நிதி திரட்டும் அலுவலரிடம் கேட்டு ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.